சத்தத்துக்குள் ஒரு கணக்கு



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ பழைய பட்டணத்துப் பக்கம் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வெள்ளைக் காப்பிக் கடைகளுக்கு எதிரே பெரிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நெடுஞ்சாலை வழியாக வந்தவை அவை. காப்பி குடித்து முடித்தபின் ஒருவர் தம் வண்டியைக் கிளப்புவார். உடனே ஒரு சத்தம் எழும். மற்ற வண்டிகளைப்போல ஒரே சீரான இரைச்சலாக அது இருக்காது. ஓர் அடி, ஓர் இடைவெளி, இன்னோர் அடி, வேறு அளவில் இன்னோர் இடைவெளி என்று நொண்டி நொண்டி நடப்பதைப்போல இருக்கும். ஆனாலும் கேட்பவர் நெஞ்சில் அது இறங்கும்.

சாலைக்கு மறுபக்கம் கப்சாய் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயது இளைஞனும் அதைக் கேட்கிறான். அவன் தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் திட்டமாகி, குடும்பம் பட்டணத்துக்கு வந்துவிட்டது. அவனுக்கும் அந்தச் சத்தம் வேண்டும். மறுநாளே பட்டறைக்குப் போகிறான். புகைபோக்கியின் உள்தடுப்பைக் கழற்றச் சொல்கிறான். கையிலிருந்த காசு போகிறது. வண்டி காது கிழியக் கத்துகிறது. அக்கம்பக்கத்தார் திட்டுகிறார்கள், சாலைப் போக்குவரத்து இலாகா சம்மன் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனால், நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொறியியல் வரலாறு ஒன்று விரிகிறது. அந்த வரலாற்றில் பேராக் மண்ணுக்கும், தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அதை இன்று பார்ப்போம்.

எட்டெட்டா, ஒன்பதும் ஏழுமா?

நாம் ஓட்டும் மோட்டார் சைக்கிள் என்ஜின்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு என்ஜின்கள். காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுப்பது, அழுத்துவது, வெடிப்பது, புகையை வெளியே தள்ளுவது என நான்கு வேலைகள். இந்த நான்கும் முடிய கிராங்க் தண்டு இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று 360 பாகை என்றால், இரண்டு சுற்று 720 பாகை. கப்சாயில் இருப்பது ஒரே ஓர் உருளை. ஆகவே 720 பாகைக்கு ஒரு வெடிப்பு. அது எப்போதும் சம இடைவெளியில்தான் வரும். புகைபோக்கியை வெட்டினால் சத்தம் பெருகும். அடி விழும் கணக்கு மாறாது.

பெரிய வண்டியில் இரண்டு உருளைகள் இருக்கின்றன. ஆங்கில ‘வி’ எழுத்தைப்போலச் சாய்ந்து நிற்கின்றன. அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் புகழ்பெற்ற என்ஜின்களில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் 45 பாகை. இரண்டு பிஸ்டன்களின் தண்டுகளும் கிராங்கில் உள்ள ஒரே முளையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. ஒரு தண்டின் அடி கவட்டைபோலப் பிளந்திருக்கும். மற்றதன் அடி கத்திபோல அந்தப் பிளவுக்குள் நுழைந்திருக்கும். இரண்டு கைகள் ஒரே உலக்கையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் உருளை வெடித்தபின், ஒரு முழுச் சுற்றும் அதற்குமேல் 45 பாகையும் கடந்துதான் இரண்டாவது உருளை வெடிக்கிறது. அதாவது 405 பாகை. மீதி எவ்வளவு? 720-இல் 405 போனால் 315. ஆக, ஓர் இடைவெளி 405, அடுத்தது 315. இரண்டையும் 45-ஆல் வகுத்தால் 9, 7 என்று வரும். பதினாறு எண்ணிக்கையை எட்டும் எட்டுமாகப் பிரிக்காமல் ஒன்பதும் ஏழுமாகப் பிரித்து அடிப்பது இது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. அந்த வண்டியின் சத்தம் என்பது புகைபோக்கியில் பிறப்பதல்ல. என்ஜினின் வயிற்றுக்குள் இருக்கும் கோணத்தில் பிறக்கிறது.

மிதிவண்டிச் சட்டத்துக்குள் வந்த ‘வி’

சரி, இப்படி ஒரு நொண்டித் தாளம் கொண்ட என்ஜினை எதற்காகச் செய்தார்கள்? அழகுக்காகவும் அல்ல, ஓசைக்காகவும் அல்ல. இடம் போதாமையால் செய்தார்கள்.

ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மாய்பாக்கும் 1889-லேயே ‘வி’ வடிவ இரட்டை உருளை என்ஜினைச் செய்துவிட்டார்கள். அதன் கோணம் வெறும் 17 பாகை. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. தொடக்க கால மோட்டார் சைக்கிள் என்பது என்ஜின் வைத்த மிதிவண்டிதான். ஓர் உருளையில் கிடைத்த சக்தி போதவில்லை. அமெரிக்காவின் மண் சாலைகளும் மேடுகளும் கூடுதல் சக்தி கேட்டன. இன்னோர் உருளையை எங்கே வைப்பது? மிதிவண்டிச் சட்டத்தின் நடுவில் இருக்கும் இடைவெளியே கீழே குறுகி மேலே விரிந்த வடிவம். பழைய கிராங்க் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இன்னோர் உருளையைச் சாய்த்து வைத்தால் ‘வி’ வந்துவிடுகிறது. செலவு குறைவு, இடமும் மிச்சம்.

இந்தியன் என்ற அமெரிக்க நிறுவனம் 1907-இல் இத்தகைய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மில்வாக்கி நகரில் 1903-இல் தொடங்கிய ஹார்லி-டேவிட்சன் 1909-இல் தன் முதல் ‘வி’ இரட்டையை வெளியிட்டது. 811 சிசி, சுமார் 7 குதிரைத்திறன். அந்த முதல் முயற்சி வெற்றி பெறவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். காற்று உள்ளே வரும் வால்வைத் திறக்கத் தனி அமைப்பு எதுவும் அதில் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலிலேயே வால்வு திறக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஓர் உருளையில் சரியாக நடந்த அது, இரட்டை உருளையில் சரிப்பட்டு வரவில்லை. சக்கரத்தை இழுக்கும் பட்டையை இறுக்கிப் பிடிக்கவும் வழியில்லை, பட்டை வழுக்கியது. வண்டியை விற்பனையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1911-இல் வால்வை இயந்திர முறையில் திறக்கும்படி மாற்றித் திரும்ப வந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த பெயர், தோற்றுப்போன ஒரு மாதிரியில் தொடங்கியது.

எண்ணெய்யும் வெப்பமும்

அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளில் பொறியாளர்கள் போராடியது இரண்டு எதிரிகளோடு. ஒன்று எண்ணெய், மற்றொன்று வெப்பம்.

பழைய என்ஜின்களில் ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. உள்ளே போய் எரிந்தும் சிந்தியும் தீர்ந்துபோகும். எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதை ஓட்டுநரே பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் குறைந்தால் என்ஜின் இறுகிப்போகும், கூடினால் புகை மண்டும். 1936-இல் ஹார்லி வெளியிட்ட 1000 சிசி மாதிரியில்தான் அந்த நிறுவனம் எண்ணெய்யைத் தொட்டியிலிருந்து அனுப்பி மீண்டும் தொட்டிக்கே கொண்டுவரும் முறையைச் செய்தது. வால்வுகள் உருளையின் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேலே போயின. காற்று நேராக உள்ளே பாய்ந்ததால் சுமார் 40 குதிரைத்திறன் கிடைத்தது. 1948-இல் உருளைத் தலைகள் அலுமினியமாயின. இரும்பைவிட அலுமினியம் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். முன் உருளைக்குப் பின்னால் ஒளிந்திருந்து காற்றுக் கிடைக்காமல் தவிக்கும் பின் உருளைக்கு இது பெரிய ஆறுதல்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் பில் வின்சென்ட் என்பவரும், ஆஸ்திரேலியரான பில் இர்விங் என்ற பொறியாளரும் சேர்ந்து 998 சிசி வின்சென்ட் ரேப்பிட் வண்டியை 1936-இல் செய்தார்கள். மேசையில் கிடந்த ஒற்றை உருளை என்ஜினின் இரண்டு வரைபடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வாக விழுந்திருந்ததைப் பார்த்ததும் இர்விங்குக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்லப்படுவதுண்டு. போருக்குப் பிறகு, 1946-இல், அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வண்டியின் சட்டத்தையே ஏறக்குறைய எடுத்துவிட்டு, என்ஜினையே வண்டியின் உடம்பாக்கினார்கள். மேலே இருந்த எண்ணெய்த் தொட்டியே முதுகெலும்பு. 1948-இல் ரோலி ஃபிரீ என்ற அமெரிக்கர், எடையும் காற்றுத் தடையும் குறையவேண்டும் என்று நீச்சல் உடையோடு வின்சென்ட் வண்டியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, உப்புப் பாலையில் மணிக்கு சுமார் 242 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்.

இவ்வளவு செய்தும் ஒரு நோய் மட்டும் தீரவில்லை. அதுதான் அதிர்வு.

பால்மரம் தந்த மருந்து

45 பாகைக் கோணத்தில் இரண்டு பிஸ்டன்கள் ஒரே முளையில் தொங்கிக்கொண்டு ஏறி இறங்கும்போது, ஒன்றின் உதறலை மற்றொன்றால் முழுமையாகச் சமன்செய்ய முடியாது. என்ஜின் பெரிதாகப் பெரிதாக உதறலும் கூடும். திருகாணிகள் கழலும், விளக்கு உடையும், ஓட்டுபவரின் கை மரத்துப்போகும். 1970-களில் ஹார்லி வண்டிகளின் தரம் வீழ்ந்து, எண்ணெய் ஒழுகும் வண்டி என்ற கெட்ட பெயர் வந்தது. ஜப்பானிய வண்டிகள் சந்தையைப் பிடித்தன. 1981-இல் நிறுவனத்தின் அதிகாரிகள் 13 பேர் சேர்ந்து, தாய் நிறுவனத்திடமிருந்து அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள்.

அந்த நெருக்கடிக் காலத்தில்தான் ஒரு மருந்து கைகொடுத்தது. 1980-இல் வந்த எஃப்எல்டி மாதிரியில், என்ஜினைச் சட்டத்தோடு நேராக முடுக்காமல், நடுவே ரப்பர் தாங்கிகளை வைத்தார்கள். என்ஜின் உள்ளே எவ்வளவு உதறினாலும் அந்த உதறலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். ஓட்டுபவரின் கைக்குப் போகாது. இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் 1967-இல் தன் கமாண்டோ வண்டியில் இதே வழியை வேறு வகை என்ஜினுக்குக் கையாண்டிருந்தது. நோயை ஒழிக்க முடியாத இடத்தில், நோயோடு வாழக் கற்றுக்கொடுத்தது ரப்பர்.

இங்கேதான் பேராக் மாநிலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டனுக்குப் போன விதைகள் அங்கே கன்றுகளாகி, 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்கக் கன்றுகளில் ஒன்று எனக் கருதப்படும் பழைய ரப்பர் மரம் கோலகங்சாரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதன் பிறகு மலாயா முழுவதும் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மக்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால் வெட்டினார்கள். அந்தப் பால் தகடாகிக் கப்பலேறி டயராயிற்று, குழாயாயிற்று, என்ஜின் தாங்கியுமாயிற்று. திரும்பத் திரும்ப நசுங்கி மீளும் வேலைக்கு இயற்கை ரப்பர் மிகவும் ஏற்றது. அதனால்தான் செயற்கை ரப்பர் வந்து இத்தனை காலமாகியும் அதிர்வு தாங்கிகளில் அதன் இடம் போய்விடவில்லை.

எந்தத் தோட்டத்துப் பால் எந்த வண்டிக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகுக்கு ரப்பர் கொடுத்த நாடுகளில் முன்னணியில் இருந்தது மலாயா. வெட்டிய கைகளில் பல தமிழ்க் கைகள். மோட்டார் வாகனம் என்ற ஒன்று உலகில் ஓடியதற்கு அந்தக் கைகளும் காரணம். புகைபோக்கியை வெட்டிக்கொண்டு நிற்கும் பேரனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா?

கோணத்தை மாற்றியவர்கள்

அதிர்வுக்கு ரப்பர் ஒரு வழி. கணக்கிலேயே கையை வைத்தவர்களும் உண்டு.

இத்தாலியில் டுகாட்டி நிறுவனத்தின் ஃபாபியோ டாலியோனி 1970-களின் தொடக்கத்தில் இரண்டு உருளைகளையும் 90 பாகையில் நிறுத்தினார். அந்தக் கோணத்தில் ஒரு பிஸ்டனின் முதல்நிலை உதறலையும் மற்றதன் உதறலையும் சேர்த்து, கிராங்கில் வைக்கும் எதிர் எடை ஒன்றாலேயே சமன்செய்துவிடலாம். முன் உருளை ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால் இரண்டுக்கும் காற்றுக் கிடைக்கும். 1972-இல் இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட் இந்த என்ஜினோடு வென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் 90 பாகை என்பது நீளமான என்ஜின். வண்டியும் நீளும்.

இடமும் குறையவேண்டும், உதறலும் குறையவேண்டும் என்றால் என்ன செய்வது? ஜப்பானின் ஹோண்டா பொறியாளர்கள் 1983-இல் வந்த 500 சிசி வண்டிகளில் பதில் சொன்னார்கள். இரண்டு தண்டுகளும் ஒரே முளையைத்தான் பிடிக்க வேண்டுமா? முளையை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால்? எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 180-இலிருந்து, கோணத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். ஹோண்டாவின் கோணம் 52 பாகை. இரு மடங்கு 104. 180-இல் 104 போனால் 76. முளைகளை 76 பாகை தள்ளி வைத்தார்கள். முதல்நிலை உதறல் அடங்கியது. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கழித்தல் கணக்கு இது!

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உதறலை அடக்கிய அதே ஹோண்டா, 1995-இல் 1100 சிசி ஷேடோ வண்டி ஒன்றில் மறுபடியும் ஒற்றை முளைக்கே திரும்பியது. ஏன்? வாங்குபவர்களுக்கு அந்த நொண்டித் தாளம் வேண்டியிருந்தது. ஹார்லி நிறுவனமோ 1994-இல் தன் என்ஜின் ஓசைக்கே வணிக முத்திரை கேட்டு விண்ணப்பம் போட்டது. எதிர்ப்புகள் கிளம்பி வழக்கு இழுத்தடித்ததால் 2000-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. குறையாகத் தொடங்கிய ஒன்று அடையாளமாகிவிட்ட கதை இது.

ஹார்லியும் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு மாதிரிகளில், என்ஜினுக்குள்ளேயே எதிர்த்திசையில் சுழலும் சமன் எடைகளை வைத்தது. 2017-ஆம் ஆண்டு மாதிரிகளில் வந்த 1746 சிசி என்ஜினில், நின்ற நிலையில் எழும் முதல்நிலை உதறலில் முக்கால் பங்கை மட்டும் அடக்கிவிட்டு, கால் பங்கை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். முழுவதும் அடக்கினால் ஓட்டுபவருக்கு உயிரற்ற வண்டிபோல் தோன்றும் என்பது அவர்கள் எண்ணம். 2021-இல் வந்த 1250 சிசி என்ஜினில் பழைய 45 பாகையைக் கைவிட்டு 60 பாகைக்குப் போனார்கள். தண்ணீரால் குளிரூட்டி, முளைகளை 30 பாகை தள்ளி, 90 பாகை என்ஜினின் வெடிப்புத் தாளத்தையே அதில் கொண்டுவந்தார்கள். திறன் சுமார் 150 குதிரைத்திறன். 1909-இல் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எட்டு ஒன்பது குதிரைத்திறன்தான் கிடைத்தது. இன்று ஏறத்தாழ 120. பதினான்கு மடங்கு.

சென்னையிலிருந்து ஒரு பதில்

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு 1930-களில் 1140 சிசி ‘வி’ இரட்டை வண்டியைச் செய்தது. அந்த இங்கிலாந்து நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. ஆனால் 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, புல்லட் வண்டியின் வழியாக அந்தப் பெயரைக் காப்பாற்றியது. 2018-இல் சந்தைக்கு வந்த இன்டர்செப்டர் 650 சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவாவது. 648 சிசி இரட்டை உருளை. அதில் உருளைகள் ‘வி’ போலச் சாய்ந்திருக்கவில்லை; பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் கிராங்க் முளைகளை 270 பாகை தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் வெடிப்புகள் 270, 450 என்ற இடைவெளியில் விழுகின்றன. 90-ஆல் வகுத்தால் 3, 5. டுகாட்டியின் 90 பாகை என்ஜினும் இதே மூன்றும் ஐந்தும்தான். யமஹா 1990-களில் கையாண்ட முறை இது. ‘வி’ வடிவமே இல்லாமல் ‘வி’ என்ஜினின் தாளம்! உருவத்தைப் பின்பற்றாமல் காரணத்தைப் பிடித்ததால் வந்த பலன்.

கையால் செய்தவர்கள்

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் பெருமை, பட்டறையில் கையில் கிரீஸோடு நிற்பவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

நியூசிலாந்தின் இன்வெர்கார்கில் ஊரில் பர்ட் மன்ரோ என்றொருவர் இருந்தார். அவரிடம் 1920-ஆம் ஆண்டின் இந்தியன் ஸ்கவுட் வண்டி ஒன்று இருந்தது. 600 சிசி ‘வி’ இரட்டை. புதிய பாகங்கள் வாங்க வசதியில்லை. பழைய தகரக் குவளைகளை அச்சாக வைத்துப் பாகங்களை வார்த்தார். பிஸ்டனைத் தானே செய்தார். இணைப்புத் தண்டுகளைக் கையாலேயே அராவி எடுத்தார். உடைந்தவற்றைத் தூக்கி எறியாமல் அலமாரியில் அடுக்கி வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து என்ஜினை 950 சிசி வரை பெருக்கினார். 1967-இல், தம் 68-ஆவது வயதில், அமெரிக்க உப்புப் பாலையில் மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர் வேகத்தில் உலகச் சாதனை படைத்தார்.

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் வாழும் அனிகேத் வர்தன் என்ற வடிவமைப்பாளரும் அப்படித்தான். புல்லட் வண்டியின் இரண்டு உருளைகளை எடுத்து ‘வி’யாக நிறுத்த ஆசைப்பட்டார். அதற்கேற்ற கிராங்க் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. மரத்தில் கையாலேயே மாதிரி செதுக்கி, அதைக் கொண்டு அலுமினியத்தில் வார்த்து, 59 பாகையில் 700 சிசி என்ஜினை ஓடவிட்டார். அதற்கு மஸ்கட் என்று பெயரிட்டார்.

இந்த இருவரையும் புகைபோக்கி வெட்டும் இளைஞனையும் பிரிப்பது பணம் அல்ல. மூவரிடமும் ஆசை இருக்கிறது, கையில் திறமை இருக்கிறது. அந்த இருவரும் கூடுதலாக ஒன்று செய்தார்கள்: ‘ஏன்?’ என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதில் கிடைக்கும்வரை விடாமல் இருந்தார்கள்.

போமனுக்கும் பட்டம் உண்டு

நம் ஊர்களில் பட்டறைக்காரரைப் ‘போமன்’ என்கிறோம். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் சத்தத்தை மட்டும் கேட்டே நோயைச் சொல்லிவிடும் போமன்கள் இருக்கிறார்கள். பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் இவர்களில் பலர். ‘உருப்படமாட்டான்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள்கூட உண்டு. அவர்கள் கையில் இருப்பது உண்மையான அறிவு. ஆனால் அதற்குக் காகிதத்தில் சாட்சி இல்லை. சாட்சி இல்லாததால் சம்பளமும் மரியாதையும் ஓர் அளவோடு நின்றுவிடுகின்றன.

அந்தக் கதவு மூடிக் கிடக்கவில்லை என்பதைப் பெற்றோர்கள் அறிய வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழ் படிப்படியாக உயர்ந்து டிப்ளோமா, உயர் டிப்ளோமா நிலைவரை போகிறது. பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவசாலிகள், வகுப்பில் உட்காராமலேயே தங்கள் வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டிச் சான்றிதழ் பெறும் முறையும் உண்டு. முன் அனுபவ அங்கீகாரம் எனப்படும் இதை மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா நடத்துகிறது. எஸ்பிஎம் முடித்தவர்களுக்கு ஈப்போவிலேயே உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது, 1969-இல் தொடங்கியது. 76 பாகைக் கணக்கைப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அங்கே போய் உட்காரத் தகுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 1935-இல் இங்கிலாந்தில், டி. இ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் பிரஃப் சுப்பீரியர் என்ற ‘வி’ இரட்டை வண்டியில் போகும்போது விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறாம் நாள் இறந்தார். அப்போது தலைக்கவசம் அணியும் வழக்கம் இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ். இந்த மரணம் ஏன் நேர்ந்தது, இதைத் தடுத்திருக்க முடியாதா என்று அவர் கேட்டார். இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் முடிவுகளை வெளியிட்டார். தலைக்கவசம் உயிர் காக்கும் என்று உலகம் ஒப்புக்கொள்ள அந்த ஆய்வு வழிகாட்டிற்று. மலேசியாவில் 1973-இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அங்கும் தொடக்கம் ஒரு ‘ஏன்’தான். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கடைவரைதானே என்று போகிற பிள்ளைக்கு, இந்தக் கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பிள்ளை வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் சில வீடுகளில் திட்டு விழுகிறது. திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுத்து, “என்னடா தம்பி பிரிச்சிருக்கே? இது எதுக்கு? இது ஏன் இப்படி இருக்கு?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்தால் சொல்வான். தெரியாவிட்டால் தேடுவான். தேடத் தொடங்கியவனைப் பட்டறையிலிருந்து பாலிடெக்னிக் வரை அழைத்துப்போவது அவ்வளவு கடினமல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஈப்போ பழைய பட்டணத்தில் அந்தப் பெரிய வண்டிகள் வந்து நிற்கும். அந்தச் சத்தமும் எழும். சாலைக்கு மறுபக்கம் நிற்கும் இளைஞன் அதைக் கேட்டு ஒன்பது, ஏழு என்று எண்ணுவானானால், அவன் தாத்தா இருட்டில் வெட்டிய பாலுக்கு ஒரு பலன் கிடைத்ததாகக் கொள்ளலாம்.